லக்சம்பர்க் அரண்மனையின் ஆறு மகள்கள்

பெண் அரியணை ஏறக்கூடாது என்ற விதியால்தான் லக்சம்பர்க் நாட்டுக்குத் தனக்கென்று ஓர் அரச குடும்பம் கிடைத்தது. அது 1890ல். பதினேழு ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தில் வரிசையில் நின்றவர்கள் ஆறு பெண் பிள்ளைகள். ஒரு மகன்கூட இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, அந்த ஆறு பேரில் மூத்தவருக்கு என்ன நேர்ந்தது, இரண்டாமவர் எப்படிக் குடும்பத்தையும் நாட்டையும் தாங்கினார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். எனக்கு இந்தக் கதை மேல் அவ்வளவு ஈடுபாடு.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவள். முதலீட்டு நிதிகளின் கணக்கு பார்ப்பது தொழில். வம்சாவளி வரைவது சின்ன வயதிலிருந்தே பழக்கம்; எந்த அரச குடும்பம் கையில் கிடைத்தாலும் கிராஃப் தாளில் யாருக்கு யார் பிள்ளை என்று கோடு போட்டுப் பார்த்துவிடுவேன். நகரின் நடுவே இரண்டாம் கியோம் சதுக்கம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அதன் பெயர் க்னூட்லர். அங்கே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை நெதர்லாந்து மன்னருடையது. கூப்பிடு தூரத்தில் அரண்மனை. அதில் இருப்பவர்கள் நெதர்லாந்துக் குடும்பத்தின் நேர் வழியில் வந்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்த மன்னர் இரண்டாம் கியோம், இப்போது ஆள்பவர் ஐந்தாம் கியோம். குடும்பம் மாறியும் எண் மாறாமல் எப்படித் தொடர்ந்தது? என்னை உள்ளே இழுத்தது இந்தக் கேள்விதான்.

பதில் 1815ல் தொடங்குகிறது. நெப்போலியன் தோற்றபின் வியன்னாவில் கூடிய வல்லரசுகள் ஐரோப்பாவைப் பிரித்து அடுக்கியபோது, ஆரஞ்ச்-நாசாவ் குடும்பத்தின் முதலாம் வில்லியம் நெதர்லாந்தின் மன்னரானார். ஜெர்மனியில் அவருடைய பரம்பரைச் சொத்தாக இருந்த டில்லன்பர்க், சீகன், ஹடமார், டீட்ஸ் ஆகிய நிலங்களை பிரஷியாவுக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் லக்சம்பர்க். கிராண்ட் டச்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்; அதை ஆளும் ஆணுக்குப் பட்டம் கிராண்ட் டியூக், பெண்ணுக்குக் கிராண்ட் டச்சஸ். நெதர்லாந்து ராஜ்ஜியத்தின் ஒரு மாகாணமாக அதைக் கொடுக்கவில்லை, வில்லியமுக்குச் சொந்தமாகக் கொடுத்தார்கள். குடும்பச் சொத்துக்கு மாற்றாக வந்ததால், குடும்பச் சொத்துக்கு இருந்த வாரிசு விதியே அதற்கும் ஒட்டிக்கொண்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து இரண்டு நாடுகளைப் பிரித்தது இந்த ஒரு வரிதான்.

அந்த விதி இருந்தது 1783 ஜூன் 30 அன்று நாசாவ் குடும்பத்தின் கிளைகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில். ஒரு கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போனால், சொத்து அந்தக் கிளையின் மகளுக்குப் போகாது. எவ்வளவு தூரத்து உறவானாலும் சரி, இன்னொரு கிளையின் ஆணுக்குப் போகும். நாசாவ் ரத்தத்தில் ஆணே இல்லை என்ற நிலை வந்தால் மட்டும், கடைசி ஆணின் மகளுக்கு வழி திறக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரத்து உறவு என்றால், 1255ல் பிரிந்த உறவு. வல்ராம், ஒட்டோ என்ற அண்ணன் தம்பி இருவரும் லான் ஆற்றை எல்லையாக வைத்து நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒட்டோ வழியில் வந்தவர்கள்தான் பின்னாளில் ஆரஞ்ச்-நாசாவ் ஆகி நெதர்லாந்துக்குப் போனவர்கள். வல்ராமின் மகன் அடால்ஃப் 1292ல் ஜெர்மானிய மன்னராகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1298ல் கோல்ஹைம் போரில் மாண்டார். அவர் வழியினர் வைல்பர்க், வீஸ்பாடன் பக்கம் சிறு நாடுகளை ஆண்டுகொண்டு ஜெர்மனியிலேயே இருந்துவிட்டார்கள். ஆறு நூற்றாண்டு கழித்து அந்த அண்ணன் தம்பி வகையறாக்கள் ஒருவருக்கொருவர் வாரிசாக வேண்டிவரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

வேண்டிவந்தது. நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் காலத்தில் ஒட்டோ வழியின் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 1879 ஜனவரியில் மன்னரின் தம்பி ஹென்ட்ரிக். இவர்தான் லக்சம்பர்க்கில் மன்னரின் பிரதிநிதியாக 1850 முதல் இருந்தவர், மக்களுக்குப் பிரியமானவர். 1867ல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு லக்சம்பர்க்கை விற்கும் பேரம் நடந்தபோது அதை எதிர்த்து நின்றவர். அதே 1879 ஜூனில் பட்டத்து இளவரசர் வில்லியம் பாரிஸில் இறந்தார். 1881ல் மன்னரின் சித்தப்பா ஃபிரெடரிக். 1884ல் மன்னரின் கடைசி மகன் அலெக்சாண்டர். ஆறே ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்கள். மிச்சம் இருந்தது கிழட்டு மன்னரும், அவர் 1879 ஜனவரியில் மறுமணம் செய்துகொண்ட எம்மாவுக்கு அடுத்த ஆண்டு பிறந்த சிறுமி வில்லெல்மினாவும்தான்.

1890 நவம்பர் 23 அன்று மூன்றாம் வில்லியம் இறந்தார். நெதர்லாந்தின் சட்டம் மகளை ஏற்றது. பத்து வயது வில்லெல்மினா அங்கே அரசியானார், தாய் எம்மா ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். லக்சம்பர்க்கில் 1783 ஒப்பந்தம் மகளை ஏற்கவில்லை. 635 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த வல்ராம் வழியின் மூத்த ஆண், நாசாவ்-வைல்பர்க் குடும்பத்தின் அடால்ஃப், கிராண்ட் டியூக் ஆனார். வயது 73.

இங்கே ஒரு சுவையான உறவு இருக்கிறது. எம்மாவின் தாய் ஹெலேனா, அடால்ஃபின் மாற்றாந்தாய் வழித் தங்கை. தந்தை ஒருவர், தாய் வேறு. ஆக ஆண் வழியில் நூற்றாண்டுகள் தள்ளியிருந்தவர், பெண் வழியில் அந்தச் சிறுமிக்குத் தாத்தா முறை. வம்சாவளித் தாளில் ஆண் கோடுகளை மட்டும் போட்டால் இந்த நெருக்கம் கண்ணிலேயே படாது. நான் பெண் கோடுகளையும் விடாமல் போடுவது இதற்காகத்தான்.

அடால்ஃபைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனசில்லை. 1839ல் நாசாவ் நாட்டின் டியூக் ஆனவர். 1844ல் ரஷ்ய இளவரசி எலிசவெத்தாவை மணந்தார். மறு ஆண்டு ஜனவரியில் பிரசவத்தில் பதினெட்டு வயது மனைவியும் பிறந்த பெண் குழந்தையும் போய்விட்டார்கள். வீஸ்பாடனில் நேரோபெர்க் குன்றின் மேல் தங்கக் குவிமாடங்களோடு நிற்கும் ரஷ்ய தேவாலயம் அவர்களுக்காக அவர் கட்டியது. அங்கே போயிருக்கிறேன். எலிசவெத்தாவின் கல்லறைமேல் அவள் தூங்குவதுபோல ஒரு பளிங்கு உருவம். 1866 போரில் அடால்ஃப் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றார். பிரஷியா வென்றது, நாசாவ் நாட்டை அப்படியே விழுங்கியது. சொந்த நாடு போன பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் நாடில்லாத டியூக்காக இருந்தார். 1889ல் மூன்றாம் வில்லியம் படுத்த படுக்கையானதும் பொறுப்பாளராக லக்சம்பர்க்குக்கு வந்து சத்தியப் பிரமாணம் செய்தார். மன்னர் எதிர்பாராமல் தேறிவிடவே, வந்த வழியே திரும்பிப் போனார். மறு ஆண்டுதான் அரியணை கைக்கு வந்தது. நாட்டு நிர்வாகத்தை முதலமைச்சர் பால் ஐஷன் கையில் விட்டுவிட்டு அமைதியாக இருந்தார், அது நாட்டுக்கு நல்லதாகவே முடிந்தது. ஊரின் அடையாளமான அடால்ஃப் பாலம் 1900க்கும் 1903க்கும் இடையில் அவர் காலத்தில் எழுந்தது. அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரிய கல் வளைவு அதுதான். 1905 நவம்பரில், 88 வயதில் இறந்தார்.

மகன் நான்காம் கியோம். இந்த நான்காம் என்பதைக் கவனியுங்கள்: முதல் மூன்று பேர் நெதர்லாந்து மன்னர்கள். வில்லியம் என்றும் கியோம் என்றும் சொல்வது ஒரே பெயரைத்தான். குடும்பம் மாறினாலும் அரியணை அறுபடவில்லை என்று காட்ட எண்ணைத் தொடர்ந்தார்கள். க்னூட்லர் சிலை கிளப்பிய கேள்விக்கு இதுதான் பதில்.

நான்காம் கியோம் சீர்திருத்த கிறிஸ்தவர். 1893ல் போர்ச்சுகலின் பிரகான்சா குடும்பத்து மரி-ஆன் என்ற கத்தோலிக்க இளவரசியை மணந்தார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க ஒப்புக்கொண்டார். நாட்டு மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் என்பதால் ஊரும் மகிழ்ந்தது. 1894ல் மரி-அடெலாயிட். 1896ல் ஷார்லட். அப்புறம் ஹில்டா, அன்டோனியா, எலிசபெத், 1902ல் சோஃபி. ஆறும் பெண். தந்தைக்கோ உடல்நலம் சீர்கெட்டுக்கொண்டே போனது.

குடும்பத்தில் வேறு ஆணே இல்லையா? இருந்தார். அடால்ஃபின் மாற்றாந்தாய் வழித் தம்பி நிகோலாஸ் வில்ஹெல்ம், 1868ல் காதலித்து ஒரு பெண்ணை மணந்தார். அவர் நத்தாலியா, ரஷ்யக் கவிஞர் அலெக்சாண்டர் புஷ்கினின் மகள். புஷ்கின் எவ்வளவு பெரிய கவிஞராக இருந்தால் என்ன, ஜெர்மானிய அரச குடும்பங்களின் கணக்கில் அவர் மகள் சம அந்தஸ்து உள்ளவர் இல்லை. இப்படிப்பட்ட திருமணத்தை மார்கனாட்டிக் திருமணம் என்பார்கள்: திருமணம் செல்லும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் பட்டமும் வாரிசு உரிமையும் கிடைக்காது. நத்தாலியாவுக்கு மெரன்பெர்க் சீமாட்டி என்று வேறொரு பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தவர் வால்டெக்-பீர்மான்ட் இளவரசர் கேயார்க் விக்டர், அதாவது எம்மாவின் தந்தை. தன் பேத்தி வில்லெல்மினா பெண் என்பதால் லக்சம்பர்க்கை இழந்தாள். தான் கொடுத்த பட்டத்தால் மைத்துனன் மகன் ஆணாக இருந்தும் லக்சம்பர்க்கை இழந்தான். ஒரே மனிதரின் வீட்டு வாசலில் இரண்டு இழப்புகளும் வந்து சேருவதைக் கிராஃப் தாளில் முதலில் பார்த்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மகன் கேயார்க் நிகோலாஸ், மெரன்பெர்க் பிரபு. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரின் மகள் ஓல்காவை மணந்தவர். ஒரு பக்கம் நாசாவ், ஒரு பக்கம் புஷ்கின். நான்காம் கியோமுக்குப் பிறகு நாசாவ் ரத்தத்தின் ஆண் நானே என்று உரிமை கோரினார். கியோம் மசியவில்லை. 1907ல் புதிய குடும்பச் சட்டம் எழுதினார். மெரன்பெர்க் கிளை வாரிசுக் கணக்கில் வராது, ஆகவே தன்னோடு ஆண் வழி முடிகிறது, ஆகவே மூத்த மகள் மரி-அடெலாயிட்டே வாரிசு என்று. அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது.

நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியம் இங்கேதான் வேலை செய்கிறது. நாசாவ் ரத்தத்தில் ஆணே இல்லை என்றால் கடைசி ஆணின் மகளுக்கு வழி உண்டு. கியோம் 1783 ஒப்பந்தத்தை மீறவில்லை, அதன் கடைசிக் கதவைத் திறந்தார். அதைத் திறக்க இன்னொரு கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருந்தது. மெரன்பெர்க்குக்கு நடந்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. கவிஞரின் மகளுக்குப் பிறந்தான் என்பதற்காக ஒரு மனிதனின் உரிமையை மறுப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் மகள்களுக்கு உரிமை வேண்டும் என்று ஒரு தந்தை சட்டத்தை இழுத்துப்பிடித்தாரே, அதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

1912 பிப்ரவரியில் நான்காம் கியோம் இறந்தார். மரி-அடெலாயிட்டுக்குப் பதினேழு வயது. நான்கு மாதம் தாய் பொறுப்பில் இருந்தார், ஜூனில் பதினெட்டு நிறைந்ததும் கிராண்ட் டச்சஸ். கோல்மர்-பெர்க் கோட்டையில் பிறந்தவர். 1296ல் பிறந்த குருட்டு ஜானுக்குப் பிறகு இந்த மண்ணிலேயே பிறந்து இதை ஆண்டவர் இவர்தான். ஊர் கொண்டாடியது.

இவரைப் பற்றி இங்கே பலரும் பேசும் தொனி எனக்குப் பிடிப்பதில்லை. பிடிவாதக்காரி, ஜெர்மனிக்குச் சாய்ந்தவர் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். குற்றச்சாட்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் பாதிரியார்களின் பிடியைத் தளர்த்தும் 1912 கல்விச் சட்டத்தில் கையெழுத்திடத் தயங்கினார். 1914 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் படை நடுநிலை நாடான லக்சம்பர்க்கில் புகுந்தது. அவரும் அரசும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் ஊரில் தலைமையகம் போட்டிருந்த ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மை அரண்மனையில் வரவேற்றார். 1915ல் ஐஷன் இறந்தபின், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத வலதுசாரி அரசை நியமித்து, சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்தார். இடதுசாரிகள் அதை மன்னிக்கவே இல்லை. 1918ல், போர் முடிய சில மாதங்களே இருந்தபோது, தங்கை அன்டோனியாவுக்கு பவேரியாவின் பட்டத்து இளவரசர் ரூப்ரெக்டோடு நிச்சயம் ஆனது. ரூப்ரெக்ட் ஜெர்மன் படைத் தளபதி. பிரான்ஸும் பெல்ஜியமும் இதையெல்லாம் எண்ணி வைத்துக்கொண்டன.

இப்போது மறுபக்கம். பதினெட்டு வயதில் அரியணை. இருபதில் நாட்டுக்குள் அந்நியப் படை. தந்தை இல்லை, கால் நூற்றாண்டுக்கும் மேல் நாட்டை நடத்திய ஐஷனும் போய்விட்டார். அன்றைய அரசியல் சட்டம் அமைச்சர்களை நியமிக்கவும் சபையைக் கலைக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. முன்னால் இருந்தவர்கள் அந்த அதிகாரத்தை மடித்து வைத்திருந்தார்கள், அவர் அதை எடுத்துப் பயன்படுத்தினார். அடால்ஃப் வயதான மனிதராக அமைதியாக இருந்தபோது அது விவேகம். இளம் பெண் ஒருத்தி சொந்தமாக ஒரு நிலைப்பாடு எடுத்தபோது அது பிடிவாதம். கைசர் வாசலில் வந்து நிற்கும்போது, படை இல்லாத நாட்டின் அரசி வேறென்ன செய்ய முடியும்? அவர் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1915 கலைப்பு பெரிய தவறுதான். அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

1918 டிசம்பரில் லக்சம்பர்க் அமைச்சர்கள் பாரிஸ் போனபோது பிரெஞ்சு அரசு அவர்களைச் சந்திக்கவே மறுத்தது. இந்தக் கிராண்ட் டச்சஸ் இருக்கும் வரை பேச்சில்லை. பெல்ஜியத்தில் லக்சம்பர்க்கை இணைத்துக்கொள்ளும் பேச்சு வேறு. 1919 ஜனவரி 9 அன்று சபையில் இடதுசாரிகள் குடியரசை அறிவிக்கப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படை வந்து கூட்டத்தைக் கலைத்தது. சில நாட்களில் மரி-அடெலாயிட் பதவி விலகினார். வயது 24. ஜனவரி 15 அன்று தங்கை ஷார்லட் சபையில் சத்தியப் பிரமாணம் எடுத்தார். அக்கா இத்தாலி போய் மொடேனாவில் கார்மல் மடத்தில் சேர்ந்தார், பிறகு ரோமில் முதிய ஏழைகளைப் பராமரிக்கும் கன்னியர் சபையில். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1924 ஜனவரியில் பவேரியாவின் ஹோயன்பர்க் கோட்டையில் இன்ஃபுளுவென்சாவில் இறந்தார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 1947ல் அவர் உடலை லக்சம்பர்க் பேராலயத்தின் நிலவறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஷார்லட் பதவி ஏற்றதோடு பிரச்சினை தீரவில்லை. மே மாதம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இறைமை மக்களுடையது என்று எழுதினார்கள். ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்தார்கள். செப்டம்பர் 28 அன்று மக்களிடமே கேட்டார்கள்: ஷார்லட் வேண்டுமா, மரி-அடெலாயிட் வேண்டுமா, வேறொரு கிராண்ட் டச்சஸ் வேண்டுமா, குடியரசு வேண்டுமா? லக்சம்பர்க் பெண்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போட்ட வாக்கு அது. 77.8 சதவீதம் ஷார்லட்டுக்கு. 19.7 சதவீதம் குடியரசுக்கு. அக்காவுக்கு 1.5 சதவீதம்.

இந்தக் குடும்பத்தின் வாரிசுரிமையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் 1255ஐயோ 1783ஐயோ நான் காட்டமாட்டேன். இந்த வாக்கெடுப்பைத்தான் காட்டுவேன். அதே காலத்தில் ஜெர்மனியில் எத்தனையோ சிறு அரச குடும்பங்கள், இவர்களைவிட நேரான ஆண் வாரிசு உள்ள குடும்பங்கள், 1918 நவம்பரில் ஒரு சில நாட்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. பெண் கூடாது என்ற ஒப்பந்தத்தால் வந்த வீடு, ஒரு பெண்ணை வேண்டுமா என்று பெண்களும் சேர்ந்து போட்ட வாக்கால் நின்றது. என்னோடு வேலை பார்க்கும் எட்டல்ப்ரூக் ஊர்க்காரர் ஒருவர், தன் கொள்ளுப்பாட்டி அந்த வாக்குச்சாவடிக்குப் போன கதை இன்னும் வீட்டில் பேசப்படுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே போனாராம். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவே இல்லையாம்.

ஷார்லட் அந்த நவம்பரில் பூர்பன்-பார்மா குடும்பத்து ஃபீலிக்ஸை மணந்தார். ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசி ஸீட்டாவின் சகோதரர் அவர். 1921ல் மகன் ஜான் பிறந்தார். தந்தை வழியில் பூர்பன்-பார்மா. ஆனாலும் அரியணையில் நாசாவ் பெயரே தொடர்ந்தது. தாய் அம்மங்காதேவி வழியாக 1070ல் சோழ அரியணைக்கு வந்த குலோத்துங்கன் சோழனாகவே ஆண்டதை அறிந்த நமக்கு இது புதிதில்லை. 1986ல் ஜான் பார்மா பட்டங்களையே கைவிட்டு, நாசாவ் மட்டும் போதும் என்றார்.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை மறுபடி நுழைந்தது. அக்காவுக்கு நேர்ந்ததை ஷார்லட் மறந்திருக்க வழியில்லை. அவரும் அரசும் எல்லை தாண்டிப் பிரான்ஸ் போனார்கள். போர்தோவில் இருந்த போர்ச்சுகல் துணைத் தூதர் அரிஸ்டிடிஸ் டி சோசா மென்டிஸ் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு விசா கொடுத்தாரே, அவர் கையெழுத்து இவர்களுக்கும் கிடைத்தது. லிஸ்பன், அமெரிக்கா, கனடா, லண்டன். லண்டனிலிருந்து பிபிசி வானொலியில் ஷார்லட் லக்சம்பர்கிஷ் மொழியில் பேசினார்; ஊரில் ஒளிந்திருந்து கேட்டார்கள். 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் எடுத்த கணக்கெடுப்பில் குடியுரிமை, தாய்மொழி, இனம் என்ற மூன்று கேள்விக்கும் மக்கள் லக்சம்பர்க் என்றே எழுதப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். 1942 ஆகஸ்ட் கடைசியில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நாடே வேலைநிறுத்தம் செய்தது. 21 பேருக்கு மரண தண்டனை. இளவரசர் ஜான் பிரிட்டனின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கி, செப்டம்பர் 10 அன்று விடுதலையான தலைநகருக்குள் வந்தார். ஷார்லட் 1945 ஏப்ரல் 14 அன்று திரும்பினார்.

அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி கிளேர்ஃபான்டேன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. எளிய உடையில், ஒரு கையை முன்னே நீட்டியபடி நிற்கிறார். அடியில் "உங்களை நாங்கள் நேசிக்கிறோம்" என்று லக்சம்பர்கிஷ் மொழியில் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 23. இங்கத்திய ஜனவரிக் குளிரில் வெளியே நின்று கொண்டாட முடியாது என்று தேசிய நாளை ஜூன் 23க்கு மாற்றினார்கள். ஜான் வந்தார், ஹென்றி வந்தார், இப்போது ஐந்தாம் கியோம். தேசிய நாள் ஜூன் 23தான்.

அதற்குப் பிந்தைய வரலாறு சுருக்கமானது, இந்தக் குடும்பத்தில் அதுவே நல்ல செய்தி. ஷார்லட் 1964 நவம்பரில் மகனுக்கு வழிவிட்டார். ஜான் 2000 அக்டோபரில் ஹென்றிக்கு. ஹென்றி 2008ல் கருணைக்கொலைச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்றார். மரி-அடெலாயிட் தயங்கியபோது அது பகையாக வளர்ந்தது. இந்தத் தடவை சபை அரசியல் சட்டத்தையே திருத்தி, கிராண்ட் டியூக்கின் ஒப்புதல் தேவையில்லை, பிரகடனம் செய்தால் போதும் என்று ஆக்கியது. யாரும் நாட்டை விட்டுப் போகவில்லை. 2025 அக்டோபர் 3 அன்று ஹென்றி விலகினார், மகன் கியோம் அரண்மனையிலிருந்து அடுத்த கட்டடத்துக்கு நடந்து போய் சபையில் சத்தியப் பிரமாணம் எடுத்தார். அவருடைய மூத்த மகன், அப்போது ஐந்து வயதான ஷார்ல், பட்டத்து இளவரசர் ஆனார்.

1783 ஒப்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாட்டின் அரசியல் சட்டம் மிக அண்மைக் காலம் வரை வாரிசுரிமைக்கு அந்தக் குடும்பக் காகிதத்தைத்தான் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தது. 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம்தான் அதை விட்டது. அடால்ஃபின் நேர் வழியில் மூத்த பிள்ளை வாரிசு. ஆணா பெண்ணா என்ற கேள்வி இல்லை. வாரிசே இல்லாமல் போனால் புதிய நாட்டுத் தலைவரைச் சபை முடிவு செய்யும்.

ஆண் பெண் சமத்துவம் 2011லேயே வந்துவிட்டது, ஹென்றி தன் வழியினருக்காகக் கொண்டுவந்தார். ஐந்தாம் கியோமுக்கு இரண்டும் மகன்கள் என்பதால் அரியணை அளவில் அந்த விதிக்கு இன்னும் வேலை வரவில்லை. ஆனால் அது ஒருவரை இடம் மாற்றியிருக்கிறது. ஹென்றியின் ஒரே மகள் அலெக்சாண்ட்ரா 1991ல் பிறந்தவர், கடைசித் தம்பி செபஸ்டியன் 1992ல். 1783 கணக்குப்படி அண்ணன் தம்பிகள், அவர்களின் ஆண் வழியினர் எல்லோரும் தீர்ந்த பிறகுதான் அலெக்சாண்ட்ராவின் பெயர் வந்திருக்கும். இன்றைய வரிசைப் பட்டியலில் அவர் பெயர் தம்பிக்கு மேலே இருக்கிறது. என் கிராஃப் தாளிலும் மாற்றி எழுதிவிட்டேன்.